மூன்று பேர் கார்டு

சுண்ணாம்புமலை ரப்பர் தோட்டத்தில் சாவு விழுந்தால் முதலில் இருளாயியைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவன் பெண்டாட்டி அழுகிறாளோ இல்லையோ, இருளாயி வந்து மாரில் அடித்துக்கொண்டு ஒரு அடி இழுத்துப் பாடினால் போதும், மேல் லயம் கீழ் லயம் என்று இரண்டு கூலி வீட்டு வரிசையும் கூடிவிடும். குரல் அப்படி. பன்னிரண்டு வயதில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். சிம்பாங் பூலாய்க்கு அப்பால், ஈப்போவிலிருந்து ஒன்பதாம் கட்டையில் இருந்த அந்தத் தோட்டத்தைத் தவிர அவளுக்கு வேறு ஊர் தெரியாது. புருஷன் மரம் சாய்க்கப் போன இடத்திலேயே போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு நாளுக்கு முந்நூறு மரம் சீவி இரண்டு பையன்களை ஆளாக்கினாள். மூத்தவன் உடையப்பன், இளையவன் ராமையா. வாய்க்காரி என்று பெயர். வேலையில் குறை சொன்ன மேற்பார்வைக்கார மண்டோரை அவன் வீட்டு வாசலுக்கே போய்த் திட்டிவிட்டு வந்தவள்.

அப்படிப்பட்டவள் தன் மூத்த மகனைப் புதைத்தபோது வாயைத் திறக்கவில்லை.

ஜப்பான்காரன் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான். பால் வெட்டு நின்றது. மரத்தைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு அரிசிக் கார்டு கொடுத்தார்கள். கார்டில் எத்தனை பேர் எழுதியிருக்கிறதோ அத்தனை பேருக்கு அரிசி. அதுவும் சுண்ணாம்பு வாடை அடிக்கிற அரிசி, நாலு தண்ணீரில் கழுவினாலும் வாயில் நறநறக்கும். இருளாயி வீட்டுக் கார்டில் மூன்று பேர்.

ஐப்பசி மழையில் உடையப்பனுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. கொய்னா மருந்து எங்கும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் உச்சிப் பொழுதில் உயிர் போயிற்று. இருளாயி அழ வாய் எடுத்தபோது பக்கத்து வீட்டு ஐயாவு உள்ளே வந்து அவள் வாயைப் பொத்தினார். ஐயாவு தோட்டத்திலேயே வயசாளி, அறுபதைத் தொட்டவர். போன மாதம்தான் அவர் மனைவியும் அதே காய்ச்சலில் போயிருந்தாள். அப்போதும் தப்பு அடிக்கவில்லை, யாரும் பாடவில்லை.

"வேணாந்தாயி. சத்தம் போட்டின்னா பேரு போயிரும். பேரு போச்சுன்னா அரிசி போயிரும். சின்னவன் இருக்கான்ல?"

யார் தொடங்கி வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் அந்த லயங்களில் செத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சத்தமில்லாமல் போனார்கள். அழுகை இல்லை, தப்பு இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை. மழையில் நாலு பேர் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வந்து கிழங்கு அவிப்பார்கள். அரிசி வாங்கும் நாளில் செத்தவன் எங்கே என்று கேட்டால் காட்டுப் பக்கம் விறகுக்குப் போயிருக்கிறான் என்பார்கள். ஏழு வீட்டுக் கார்டில் இப்படிச் செத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். இதைத் திருட்டு என்று சொல்கிறவர்கள் ஒரு மாதம் வெறும் மரவள்ளியைத் தின்றுவிட்டு, கால் வீங்கிய பிறகு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயாத்துரைக்கு எல்லாம் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், பயந்த மனிதர், கெட்டவர் இல்லை. துரை ஓடிய பிறகு ஈப்போவில் இருந்த ஜப்பான்காரன் ஆபீசுக்குப் பதில் சொல்லும் பாடு அவர் தலையில் விழுந்தது. மாதாமாதம் "மூன்று பேர்" என்று வாசித்துவிட்டு, இருளாயியின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். உடையப்பன் பங்கு அரிசியை ராமையா தின்றான். இருளாயியும் தின்றாள். முதல் மாதம் அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் மாதம் இறங்கியது.

அடுத்த ஆனி மாதம் சன்னாசி ஈப்போவிலிருந்து சைக்கிளில் வந்தான். இருளாயியின் கூடப்பிறந்த தம்பி. ஈப்போ ரயில் கொட்டகையில் கரி அள்ளுகிறவன். உடையப்பன் செத்த சேதி கேட்டு வந்தபோது துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனவன். இந்த முறை ஒரு யோசனையோடு வந்திருந்தான்.

"அக்கா, கொட்டாயில ஆளு எடுக்குறான். மாசக் கடைசி வரைக்குந்தான். ராமையாவ நான் சேத்து விட்டுர்றேன். கையில துணிப்பட்டி குடுப்பான், இந்தா பாரு, இது மாதிரி. இதக் கண்டா எந்த லோரியும் தொடாதுலா. நீயும் வந்துரு, என் வூட்லயே இருக்கலாம்."

லோரி என்றதும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்த லயத்துச் சனம் நெருங்கி வந்தது. தாப்பாப் பக்கத் தோட்டங்களில் லோரி வந்து ஆட்களை ஏற்றிப்போனது எல்லாருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. கோலா கங்சார் பக்கமும் வந்துவிட்டதாகக் கேள்வி. இரண்டு பக்கமும் வந்த லோரிக்கு நடுவில் இருக்கிற தோட்டம் எத்தனை நாள் தப்பும் என்பதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெரட்டுக் களத்து ரம்புத்தான் மர நிழலில் இரண்டு லயத்துச் சனமும் உட்கார்ந்து ஈப்போவுக்குப் போவதா இருப்பதா என்று பேசியது. பெரட்டுக் களம் என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துவிடும் இடம். அங்கே சும்மா உட்கார்ந்து பேசுகிற காலம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

ஐயாவு ஒரே பிடியாக நின்றார். "ஈப்போல என்னா கொட்டிக் கெடக்கு? முக்குக்கு முக்கு காவக்காரன். குனிஞ்சு கும்புடணும். கம்மியா குனிஞ்சா கன்னத்துல குடுப்பான். பாசார் பக்கத்துல தலைய வெட்டிக் கம்புல சொருகி வச்சிருந்தான்னு சொல்றாங்க, உண்டா இல்லியா?"

"உண்டுதான்" என்றான் சன்னாசி. "நானே பாத்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, குனிஞ்சுட்டு வேலைக்குப் போனேன். குனிஞ்சா முதுகு ஒடஞ்சா போச்சு? இங்க இருந்தா ஏத்திக்கிட்டுப் போயிருவாண்ணே. அங்க அடி வாங்குனாலும் சாயங்காலம் வூட்டுக்கு வாரேன்லா."

ஒருத்தி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கொய்னா இருக்கிறதாமே என்று கேட்டாள். ஜப்பான்காரனுக்கு இருக்கிறது, உனக்கு வேப்பிலைதான் என்றார் ஐயாவு. இன்னொருத்தி கிழங்கு நட இடம் இருக்குமா, கோழி வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேட்டாள். சீனர் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறைக்குள் மூன்று குடும்பம் இருப்பதைச் சன்னாசி மறைக்கவில்லை. குண்டு போட்டால் முதலில் ரயில் கொட்டகையில்தான் போடுவார்கள் என்பதையும் அவனே சொன்னான். பொய் சொல்லி அழைத்துப் போகிற ஆள் இல்லை அவன். இங்கே மாரியம்மன் இருக்கிறாள், புதைத்த மண் இருக்கிறது, பசித்தால் பிடுங்கித் தின்னக் கிழங்கு இருக்கிறது. அங்கே துணிப்பட்டி இருக்கிறது. பேச்சு சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்தது.

கடைசியில் யாரோ, "கார்டு?" என்றார்கள்.

"கார்டு இல்லாம அங்க வேலயும் இல்ல, அரிசியும் இல்ல" என்றான் சன்னாசி. "கிராணி கையெழுத்து வாங்கி, ஈப்போ ஆபீஸ்ல மாத்தணும். கார்டுல உள்ள ஆளுங்க அத்தன பேரும் நேருல போயி..." சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்தான்.

களத்தில் ஏழு வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். செத்தவனை எப்படி நேரில் நிறுத்துவது? நல்லது கெட்டது எல்லாவற்றையும் வாய் வலிக்கப் பேசிய சனம் இந்த ஒன்றைப் பேசாமலே எழுந்து வீட்டுக்குப் போயிற்று.

மறுநாள் காலை இருளாயி ஆபீசுக்குப் போனாள். பெரிய மகன் பெயரை அடித்துவிட்டு, இரண்டு பேர் கார்டாக மாற்றித் தரச் சொன்னாள். ஐயாத்துரை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இருளாயி, எட்டு மாசத்து அரிசி. ஒவ்வொரு மாசமும் நான் கையெழுத்து வச்சிருக்கிறன். ஒரு மூட்டை உப்பு களவெடுத்ததுக்கு ஆளைக் கட்டித் தூக்கினவங்கள், இதுக்கு என்ன செய்வாங்கள்? உன்னை மட்டும் பிடிக்க மாட்டாங்கள், என்னையும் பிடிப்பாங்கள். மற்ற ஆறு வீட்டையும் கிண்டுவாங்கள்."

"அப்ப எம்புள்ளய நான் எப்புடிய்யா கொண்டுட்டுப் போறது?"

அவர் விரல்களால் மேசையைத் தேய்த்தார். "அடுத்த மாசம் புதுக் கார்டு வருது. அதில உடையப்பன்ர பேரை விட்டிட்டு எழுதித் தாறன். பழசைத் திருப்பிப் பாக்க மாட்டாங்கள். ஒரு மாசம் பொறு. எனக்காகப் பொறு."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சன்னாசி சொன்ன இடம் அதற்குள் போய்விடும். போனால் என்ன, வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது ராமையா மறுத்தான். பத்தொன்பது வயசு. அண்ணனைப் போலப் பணிவானவன் இல்லை, அம்மா வாய் அவனுக்கு.

"கார்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். கிழிச்சுப் போட்டுட்டு இன்னிக்கே மாமாகிட்ட போயிருவோம்மா."

"போயி? ரோட்டுல மறிச்சுக் கார்டு எங்கன்னு கேட்டா என்னாத்தக் காட்டுவ? மாமனும் சேந்து மாட்டணுமா? ஒரு மாசந்தானடா. கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும்."

அந்த ஒரு மாதத்துக்காக இருளாயி பிறகு தன்னை எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. அவள் செய்தது பேராசையும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. கிராணி கையெழுத்து இல்லாமல் ஒரு நாள் லீவு கூடப் போட்டுப் பழகாத சனம் அது. அவரே பொறு என்று சொல்லும்போது பொறுத்தாள்.

ராமையா கிழங்குக் காட்டில் கொத்திக்கொண்டே ஈப்போ ரோட்டைப் பார்ப்பான். ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இருளாயி வேலையை விட்டுவிட்டு ரோட்டு முனைவரை போய்ப் பார்ப்பாள். அது காட்டுமரம் ஏற்றப் போகிற வண்டியாக இருக்கும். நாட்களை எண்ணினாள். பத்து போயிற்று, பதினைந்து போயிற்று.

பத்தொன்பதாம் நாள் காலை பெரட்டு மணியாகத் தொங்கும் தண்டவாளத்தை யாரோ அடித்தார்கள். ஒன்றரை வருஷமாக அடிக்காத மணி. இவ்வளவு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? ஆணும் பெண்ணும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். நின்ற பிறகுதான் மரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு லோரி நிற்பதைப் பார்த்தார்கள். நாலு சிப்பாய்கள், ஒரு அதிகாரி. பக்கத்தில் ஐயாத்துரை ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வீட்டில ஒரே ஆம்பிளையெண்டா அவன் போக வேண்டியதில்லை" என்று வாசித்தார். "ரெண்டு ஆம்பிளை இருக்கிற வீட்டில மூத்தவன் போக வேணும். பேர் கூப்பிட்டு வராட்டி அந்த வீட்டில இருக்கிற எல்லாரையும் ஏத்துவினம். கார்டுப்படிதான் பேர் எடுத்திருக்கு."

இருளாயிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஒரே ஆம்பிளை இருந்தால் போக வேண்டாம். அவள் வீட்டில் ஒரே ஆம்பிளைதான். மண்ணுக்கும் மாரியம்மனுக்கும் தெரியும், கிராணிக்கும் தெரியும். தெரியாதது கார்டுக்கு மட்டும்தான்.

பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. கூப்பிட்டவன் எல்லாம் ஏறினான். ஐயாத்துரை அடுத்த பெயரில் விரலை வைத்து வாசித்தார்.

"உடையப்பன்."

யாரும் அசையவில்லை. அதிகாரி தலையைத் திருப்பினான். ஐயாத்துரை இன்னொரு முறை கூப்பிட்டார், அழுகிற குரலில். செத்துவிட்டான் என்று சொல்ல இருளாயி வாயைத் திறந்தாள். லயத்துச் சனம் முழுவதும் அவளைப் பார்த்தது. அவள் சொன்னால் இன்னும் ஆறு வீட்டைக் கிண்டுவார்கள். ஐயாவுவின் கண்ணில் கெஞ்சல் தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டும். உலகமே நாசமாய்ப் போனாலும் பெற்றவள் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளே பிறகு நூறு முறை சொன்னாள். தோட்டம் முழுவதும் கேட்கிற அந்தக் குரல் அன்று வரவில்லை.

"இருக்கேன்" என்றான் ராமையா.

வரிசையை விட்டு முன்னால் போனான். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் கத்திவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். லோரியில் ஏறி, அடைசலுக்கு நடுவே நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஐயாத்துரை தாளில் உடையப்பன் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

லோரி போன பிறகு இருளாயி அதே இடத்தில் வெயில் ஏறும்வரை நின்றாள். ஐயாவு வந்து கையைப் பிடித்தபோது உதறிவிட்டாள். அந்த மனுஷனோடு அவள் பேச ஒரு வருஷம் ஆயிற்று.

அடுத்த மாதம் சொன்னபடியே புதுக் கார்டு வந்தது. உடையப்பன் சயாமுக்குப் போய்விட்டான், ஆகையால் அதில் இரண்டு பேர். இருளாயி, ராமையா. எந்தத் திருத்தமும் இல்லாத சுத்தமான கார்டு.

சன்னாசி மறுபடியும் வந்தான். தனியாக ஏன் கிடக்கிறாய், ஈப்போவுக்கு வந்துவிடு என்று மன்றாடினான். அதற்குள் ஒன்பது குடும்பம் போயிருந்தது. சிலர் கார்டு இல்லாமலே போய், சந்தையில் கீரை விற்றுப் பிழைத்தார்கள். சிலர் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. இருளாயி யோசித்துத்தான் பார்த்தாள். ஈப்போவில் தம்பி இருக்கிறான், பேச ஆள் இருக்கும், காய்ச்சல் வந்தால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பார்கள். இங்கே மேல் லயம் பாதி காலி, காடு வாசல்வரை வந்துவிட்டது, காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டுகிறது. எல்லா நல்லதும் ஈப்போ பக்கம்தான் இருந்தது.

"அவன் திரும்பி வந்தா எங்கடா வருவான்?" என்றாள். "இந்த வூட்டுக்குத்தானே வருவான். நான் ஈப்போல ஒக்காந்திருந்தா பூட்டுன கதவப் பாத்துட்டு எங்கன்னு போவான்?"

சன்னாசி தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

அதற்கு மறுவருஷம் கார்த்திகையில் ஒரு ஆள் ரோட்டோரமாக நடந்து வந்தான். சயாமிலிருந்து தப்பியவன், தாப்பாப் பக்கத்துத் தோட்டக்காரன். கால் முழுக்கப் புண், இடுப்பில் சாக்குத் துணி. இருபத்தைந்து வயதுதான் இருக்கும், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். இருளாயி வீடு எது என்று கேட்டு வந்தான். அவள் கிழங்கு கொடுத்தாள். தின்று முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவுவும் மிச்சமிருந்த சனமும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"ஒங்க மகன் உடையப்பன் எங்கூடத்தான் இருந்தான்க்கா" என்றான் அவன். "நல்ல வாயி. சிரிக்க வச்சுக்கிட்டே இருப்பான். ஒரு வழக்கந்தான் எங்களுக்குப் புரியல. பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒடனே திரும்ப மாட்டான், ரெண்டு தடவ மூணு தடவ கூப்பிடணும். அதுக்கே ஜப்பான்காரன்கிட்ட எத்தன அடி. காது செவுடான்னு கேப்போம். சிரிப்பான். வாந்திபேதி வந்துச்சு. அம்மாகிட்டச் சொல்லுன்னான். நாந்தான் கூட இருந்தேன்."

ஐயாவு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் ஒருத்தி விம்மினாள். இருளாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள், விம்மல் நின்றது.

"உடையப்பன் எம்மூத்த மவன்" என்றாள் இருளாயி நிதானமாக. "அவன் செத்து ரெண்டு வருசமாச்சு தம்பி. இங்கதான் செத்தான், காய்ச்சல்ல. நாந்தான் பொதச்சேன். நீ யாரையோ சொல்ற."

"இல்லக்கா, சுண்ணாம்புமலத் தோட்டம், அம்மா பேரு இருளாயின்னு அவனேதான்..."

"அவன் செத்துட்டான்னுதான் நானும் சொல்றேன்லா. எனக்கு இருக்குறது சின்னவன். அவம்பேரு ராமையா. ராமையா செத்தான்னு யாராச்சும் ஒனக்குச் சொன்னாங்களா?"

வந்தவன் விழித்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"சொல்லலல்ல? அப்பறம் என்னா?" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இன்னொரு கிழங்கை எடுத்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அரிசி போடும் நாள். இப்போதெல்லாம் அரிசி என்று பெயர்தான், ஆளுக்கு இரண்டு கை. ஐயாத்துரைக்கும் சேதி எட்டியிருந்தது. இருளாயி கார்டை நீட்டியபோது அவர் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார்.

"ரெண்டு பேரு" என்று இருளாயி பையை விரித்துப் பிடித்தாள். "எழுதுங்கய்யா."

அவர் எழுதினார்.